அடுப்படியில் ஒரு சகோதரர்

பழைய மாணவர்கள் ஒன்று கூடினாலே முதலில் காதில் விழும் கேள்வி, இப்ப எந்த கம்பெனி, என்ன போஸ்ட் என்பதுதான். ஐம்பது வருஷம் ஒரே மடத்தில் இருந்தும் எந்தப் பதவிக்கும் போகாத ஒருவரைப் பற்றி இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அவர் பெயர் நிக்கோலா ஹெர்மன். இன்றைய பிரான்சின் கிழக்கே, லொரேன் பகுதியில் ஒரு சிற்றூரில் 1614 வாக்கில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில், ஒரு குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தபோதே கடவுளின் வல்லமை அவர் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் உடனே துறவியாகிவிடவில்லை. முப்பதாண்டுப் போரில் சிப்பாயாகப் போனார், காயம்பட்டார், கால் ஊனமானது. பிறகு ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரராக இருந்தார். கை பட்டதெல்லாம் உடையும், அவ்வளவு பதவிசு!

1640-இல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்து, சகோதரர் லாரன்ஸ் ஆனார். படிப்பு அதிகம் இல்லாததால் குருப்பட்டம் கிடையாது, உடலுழைப்பு வேலைதான். கொடுத்த இடம் சமையல்கட்டு. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. சமையல் வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையை ஏறக்குறைய பதினைந்து வருஷம் செய்தார்.

எப்படி முடிந்தது? வேலை தொடங்கும்போது கடவுளிடம் உதவி கேட்பார். நடுநடுவே அவரோடு பேசிக்கொண்டே செய்வார். முடிந்ததும் எப்படிச் செய்தோம் என்று சரிபார்ப்பார். நன்றாக வந்திருந்தால் நன்றி, தவறியிருந்தால் மன்னிப்பு கேட்டுவிட்டு, மனசு உடையாமல் அடுத்த வேலை. நம்ம ஷிஃப்ட் லாக் புத்தகம் மாதிரிதான். சட்டியில் ஒரு ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதும், தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதும் கடவுள்மேல் உள்ள அன்பினால் செய்தால் போதும் என்பது அவர் எண்ணம். கோயிலில் முழந்தாளில் நிற்கும் நேரமும் பாத்திரங்கள் கடகடக்கும் நேரமும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

இது ஒரே நாளில் வந்ததல்ல. மடத்தில் முதல் பத்து வருஷம் உள்ளத்தில் ஒரே போராட்டம், கடவுள் தன்னைத் தள்ளிவிட்டாரோ என்ற பயம். அந்த வருஷங்களிலும் மடத்தில் எல்லாருக்கும் சாப்பாடு ஆகத்தானே வேண்டும்! அவரும் சமைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு செருப்புத் தைக்கும் வேலை கொடுத்தார்கள். மடத்துக்குத் திராட்சை மது வாங்கி வர பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, காலும் சரியில்லை. படகில் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் போக பீப்பாய்களின் மேல் உருண்டுதான் போவாராம். அதையும் கடவுளின் வேலை என்றே செய்தார்.

1691 பிப்ரவரி 12-இல் காலமானார். அவரைத் தேடி வந்து பேசிய ஜோசப் தெ பொஃபோர் என்ற குரு, அந்த உரையாடல்களையும் அவருடைய கடிதங்களையும் திரட்டி வெளியிட்டார். அந்தச் சின்னப் புத்தகம் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற பேதமில்லாமல் இன்றும் படிக்கப்படுகிறது.

ஒரு ஆலையைத் தொடங்கி வைக்கும் நாளில் மாலை, போட்டோ எல்லாம் உண்டு. அது வருஷக்கணக்கில் பழுதில்லாமல் ஓடினால் யாரும் கைதட்டமாட்டார்கள். தினமும் எண்ணெய் விட்டு, போல்ட்டை முடுக்கியவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது. சிறியதில் உண்மையாயிருப்பதைப் பற்றி லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது இந்த ஆளுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நம்மில் சிலர் ஜெனரல் மானேஜர் ஆகியிருக்கலாம், சிலர் சேர்ந்த இடத்திலேயே இருக்கலாம். நண்பர்களே, இந்தச் சந்திப்பில் போஸ்ட் என்ன என்று கேட்டுவிட்டு, வேலை எப்படிப் போகிறது என்றும் ஒரு வார்த்தை கேட்போம்.