நிறையிலா ஒளியை எண்ணிய அறிஞர்

நிறை இல்லாத ஒன்று பிறிதொன்றைத் தள்ள இயலுமா? இயலாது என்றே நம் அன்றாட அறிவு கூறும். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கக் கிடைப்பதே உந்தம் என்று பள்ளியில் பயின்றோம். நிறை சுழியாயின் உந்தமும் சுழியன்றோ? ஒளித்துகளோ இக்கணக்கிற்குள் அடங்குவதில்லை. அதற்கு ஓய்வுநிலை நிறை இல்லை, உந்தம் உண்டு. அதன் ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் அவ்வுந்தத்தின் அளவு கிடைக்கும். வால்மீனின் தூசிவால் கதிரவனுக்கு எதிர்ப்புறமாக நீள்வது ஒளியின் இத்தள்ளுதலால்தான். எக்சு கதிர்கள் எலக்ட்ரான்மீது மோதிச் சிதறுவதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் காம்ப்டன், 1923இல் இவ்வுந்தத்திற்கு வலுவான சான்று தந்தார்.

ஒளித்துகளுக்கு உந்தம் உண்டு என்பதையே அடிப்படையாக்கிப் புதியதொரு கணக்கியலைப் படைத்த பெருமை வங்கம் தந்த சத்தியேந்திரநாத் போசைச் சாரும். 1894 சனவரி 1ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த அவர், 1915இல் முதுகலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். கிழக்கு வங்க முசுலிம் பெருமக்களின் கோரிக்கையையொட்டி 1921இல் டாக்கா பல்கலைக்கழகம் தோன்றியபோது, அங்கே ஆசிரியப் பணியேற்றார்.

பிளாங்கின் கதிர்வீச்சு விதியை அந்நாளில் வருவித்த முறை போசுக்கு நிறைவளிக்கவில்லை. துகள்கொள்கை பேசும் விதிக்கு அலைக்கொள்கையின் துணை எதற்கு என்று அவர் சிந்தித்தார். ஒளியை, உந்தமுடையனவும் ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறிய இயலாதனவுமான துகள்களின் கூட்டமாகவே கொண்டு எண்ணினார். விதி தானே வந்தமைந்தது. 1924 சூன் திங்களில் அக்கட்டுரையை ஐன்சுடைனுக்கு அனுப்பினார். முனைவர் பட்டமும் இல்லாத, முன்பின் அறியாத ஓர் ஆசிரியரின் ஆக்கத்தை அப்பேரறிஞர் தாமே செருமானிய மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். அக்கணக்கியலுக்கு உட்படும் துகள்கள் இன்று போசான்கள் எனப்படுகின்றன. நோபல் பரிசு அவரை வந்தடையவில்லை. எனினும் அவர் பெயர் இயற்பியலில் நிலைத்துவிட்டது.

தமிழ்த்துறையினராகிய நாம் போற்றத்தக்க மற்றொன்றும் உண்டு. அறிவியலைத் தாய்மொழியில் பரப்பும் நோக்குடன் 1948இல் வங்கீய விஞ்ஞான பரிசத்தை நிறுவி, வங்கமொழியிலேயே திங்களிதழ் வெளிவரச் செய்தார். 1974 பிப்ரவரி 4ஆம் நாள் மறையும் வரை அம்மொழிப்பற்று குன்றவில்லை.

ஒளிக்கு நிறை இல்லை. உந்தும் ஆற்றல் உண்டு. பட்டமோ பரிசோ இன்றியும் ஓர் ஆசிரியரின் சிந்தனை உலகை உந்த வல்லது. மாணவச் செல்வங்களே, நுட்பமான அறிவியலையும் தமிழில் எண்ணவும் எழுதவும் முற்படுவோமாக!