இப்னு அஷ்ஷாத்திரும் தொழுகை நேரக் கணிப்பும்

இசுலாமியரின் ஐவேளைத் தொழுகைக்குரிய நேரங்கள் கதிரவனின் போக்கைச் சார்ந்தவை. உச்சி சாய்ந்ததும் லுஹர் தொடங்கும். ஒரு பொருளின் நிழல், அதன் நண்பகல் நிழலைவிட அப்பொருளின் உயர அளவு மிகும்போது அஸர் வரும். ஹனஃபி மத்ஹபினர் இருமடங்கு எனக் கொள்வர். கதிரவன் மறைந்தபின் மஃரிபும், அந்திச் செவ்வொளி அகன்றபின் இஷாவும், கீழ்வானில் வெளிச்சம் படரும்போது சுபுஹும் அமையும். நாள்தோறும் மாறும் இந்நேரங்களை முஅத்தின் எனப்படும் மோதினார் கண்ணால் கண்டே பாங்கு சொல்லிவந்தார். மம்லூக் ஆட்சிக்காலத்தில் எகிப்து, சிரியா ஆகியவற்றின் பெரிய பள்ளிவாசல்களில் இப்பணிக்கென முவக்கித் என்னும் கணிப்பாளர் அமர்த்தப்பட்டார். அவ்வகையினருள் தலையாயவர் இப்னு அஷ்ஷாத்திர்.

இவர் 1304ஆம் ஆண்டளவில் டமாஸ்கஸில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, உறவினர் அரவணைப்பில் யானைத்தந்தம் பதிக்கும் தொழிலைக் கற்றார். பின்னர் கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் வானியல் பயின்றார். நுண்ணிய கோடு பொறிக்கும் கைப்பழக்கம் பிற்காலக் கருவிகளுக்கு உதவியிருக்கும் எனக் கருதுவது மிகையன்று. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் முவக்கித்தாகவும் முஅத்தின்களின் தலைவராகவும் பணியாற்றினார். கணிப்பவரும் அழைப்போரை நடத்துபவரும் ஒருவராகவே இருந்தமை குறிப்பிடத்தக்கது.

1371-72இல் அப்பள்ளிவாசலின் வடக்கு மினாராவுக்காக ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பளிங்குக் கதிர்க்கடிகாரம் ஒன்றை அமைத்தார். அதன் நிழற்கோல் புவியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருந்ததால் சமநீள மணிகளை அறிய முடிந்தது. கதிரவன் எழுந்து கழிந்த நேரம், மறைய எஞ்சிய நேரம், அஸருக்குரிய நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோடுகள் உள்ளன. நிழலே இல்லாத வேளைகளான விடியலையும் இஷாவையும் கூட அது விட்டுவிடவில்லை: விடிந்து கழிந்த நேரத்தைக் காலை நிழலும், இஷாவுக்கு எஞ்சிய நேரத்தை மாலை நிழலும் காட்டும். இதற்கு முன்னரே, 1365-66இல், திசைகாட்டியோடு கிப்லாவையும் அறிய உதவும் சிறு பெட்டி ஒன்றையும் செய்திருந்தார்.

தாலமியின் நிலவுக் கோட்பாட்டின்படி நிலவின் தொலைவு ஏறக்குறைய இருமடங்கு வரை மாறவேண்டும். கண்ணுக்கோ நிலவு அவ்வாறு பெருத்துச் சிறுப்பதில்லை. இம்முரணை இப்னு அஷ்ஷாத்திர் புதிய வட்ட அமைப்பால் நீக்கினார். அவ்வமைப்பும் கோப்பர்நிக்கஸின் நிலவு அமைப்பும் கணித அடிப்படையில் ஒன்றே என்பதை 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். அது ஐரோப்பாவை அடைந்த வழி பற்றிய விவாதம் இன்றும் தொடர்கின்றது. எனினும் இவர் புவியை மையத்திலிருந்து நகர்த்தவில்லை. கோப்பர்நிக்கஸின் முன்னோடி என்று மட்டும் இவரைக் காணும் போக்கு, வாழ்நாள் பணியாகிய நேரக் கணிப்பை அடிக்குறிப்பாக்கிவிடுகிறது, இது பொருந்துவதன்று.

இப்னு அஷ்ஷாத்திர் 1375இல் மறைந்தார். உடைந்துபோன அவரது கதிர்க்கடிகாரத்தின் துண்டுகள் டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 19ஆம் நூற்றாண்டில் தந்தாவி என்பார் அதைப் போன்றே செய்த மற்றொன்று மினாராவில் அதன் இடத்தைப் பெற்றது.