வேட்டையில் விளைந்த அருள்

ருஷ்ய நாட்டின் நடுப்பகுதியில் ஒரியோல் என்னும் மாநிலம் உள்ளது. வெண்ணிறப் பட்டை போர்த்த பிர்ச்சு மரக் காடுகளும், நாணல் அடர்ந்த சதுப்பு நிலங்களும், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பரந்து கிடக்கும் வயல்களும் நிறைந்த நிலம் அது. 1840க்குப் பிந்திய ஆண்டுகளில், கோடை வந்துவிட்டால், நெடிய உருவமும் அகன்ற தோளும் உடைய இளைஞர் ஒருவர் அந்நிலத்தில் நடந்து திரிவதைக் காணலாம். அவர் தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று தொங்கும். முன்னே ஒரு நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடும். கௌதாரியையும் காடையையும் தேடிச் சென்ற அவர், தாம் தேடாத ஒன்றையும் அங்கே கண்டார். அது அடிமைப்பட்ட மக்களின் உள்ளம். அவரே உலகப் புகழ் பெற்ற எழுத்தாளராகிய இவான் துர்கனேவ்.

துர்கனேவ் 1818ஆம் ஆண்டில் ஒரியோல் நகரில் பிறந்தார். தந்தையார் குதிரைப்படை அதிகாரி. தாயார் வர்வாரா பெத்ரோவ்னா, ஸ்பாஸ்கோயே என்னும் பெரும்பண்ணைக்கு உரியவர். ஏறத்தாழ 5000 பண்ணையடிமைகள் அவ்வம்மையாருக்கு உடைமையாக இருந்தனர். அக்காலத்து ருஷ்யாவில் உழவர்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தார்கள். பண்ணையார் விரும்பினால் அவர்களை விற்கலாம், சவுக்கால் அடிப்பிக்கலாம், இன்னாரை மணக்கக்கூடாது என்று தடுக்கலாம். வர்வாரா கடுமையே உருவானவர். பெற்ற மகனும் அவருடைய பிரம்புக்குத் தப்பவில்லை. ஆகவே, அடிபட்டவர்களின் வலி எத்தகையது என்பதைத் துர்கனேவ் இளமையிலேயே தம் உடம்பில் அறிந்துகொண்டார்.

மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் பயின்ற பின்னர், அவர் ஜெர்மனிக்குச் சென்று பெர்லின் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்றார். ஆயினும் நூல்கள் கற்பிக்காத பலவற்றை அவருக்குக் கற்பித்தது வேட்டையே எனலாம். இளமையில் பற்றிய அவ்வார்வம் முதுமை வரையில் அவரை விட்டு நீங்கவில்லை.

பறவை வேட்டை பொறுமையைக் கற்பிக்கும் தொழில். அதற்கெனப் பழக்கப்பட்ட நாய் காற்றில் வரும் மணத்தைக் கொண்டே புல்லில் பதுங்கியுள்ள பறவையை அறியும். அறிந்ததும் பாயாது, குரைக்காது. மூக்கை அப்பறவை இருக்கும் திசையில் நீட்டிச் சிலை போல அசையாமல் நிற்கும். வேட்டைக்காரர் அருகில் வந்ததும் பறவை விர்ரென்று எழும்பும். கண் இமைக்கும் நேரத்திற்குள் குறி பார்த்துச் சுட வேண்டும். அக்காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் வாய்வழியே கெட்டிக்கப்படுபவை. குழலில் வெடிமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்துக் கோலால் இடித்து, அதன்மேல் ஈய ரவைகளை இட்டு, மீண்டும் அடைக்க வேண்டும். இரண்டு குழல்களும் வெடித்துவிட்டால், அடுத்த பறவை எதிரே எழுந்தாலும் வேட்டைக்காரர் வெறுங்கையராய் நிற்க வேண்டியதுதான். எனவே, சுடும் நேரத்தைக் காட்டிலும் நடக்கும் நேரமும் காத்திருக்கும் நேரமுமே மிகுதியாக இருந்தன.

அந்த நடையே துர்கனேவைக் குடிசைகளின் வாயிலுக்குக் கொண்டு சென்றது. மழை வந்தபோது அவர் உழவர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினார். இருட்டியபோது வைக்கோற் போரில் படுத்தார். வேட்டைக்குத் துணையாக வந்த அடிமைகளோடு ஒரே தீயின் அருகே அமர்ந்து உண்டார். பண்ணையார் மகன் என்று அஞ்சி வாய் மூடிய மக்கள், துப்பாக்கியும் நாயுமாகக் களைத்து வந்த வழிப்போக்கரிடம் தங்கள் கதைகளை மனம் விட்டுக் கூறினர்.

அக்கதைகளை அவர் 1847ஆம் ஆண்டு முதல் ஓர் இதழில் எழுதி வந்தார். 1852ஆம் ஆண்டில் அவை வேட்டைக்காரனின் குறிப்புகள் என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. அந்நூலில் வரும் எர்மொலாய் என்னும் வேட்டைக்காரன் மறக்க முடியாதவன். பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்த அடிமை அவன். அவனுடைய பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லால் வெடிப்பது. சுடும்போது அது பின்னோக்கி உதைத்து உதைத்து, அவனுடைய வலக் கன்னம் இடக் கன்னத்தைவிடப் பருத்துப் போயிருந்தது. வலேட்கா என்னும் அவன் நாய்க்கு அவன் ஒருநாளும் உணவிட்டதில்லை. அறிவுள்ள நாய் தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் என்பது அவன் எண்ணம். படிப்போர் இதைக் கண்டு முதலில் நகைப்பர். ஆனால் அதே கதையில், வேட்டைக்குப் பின் இருவரும் தங்கும் ஆலையில் அரீனா என்னும் பெண் ஒருத்தி வருகிறாள். செல்வர் வீட்டில் பணிப்பெண்ணாயிருந்த அவள், மணம் செய்துகொள்ள இசைவு கேட்டாள். அக்குற்றத்திற்காக அவளுடைய கூந்தலை வெட்டிக் கிராமத்திற்குத் துரத்தினார்கள். அவள் விரும்பியவனைப் படைக்கு அனுப்பினார்கள். இதைப் படித்ததும் நகைப்பு மறைந்துவிடும்.

அடிமைகளும் நம்மைப் போலவே நினைப்பவர்கள், நம்மைப் போலவே துன்புறுபவர்கள் என்னும் உண்மையை அந்நூல் யாரையும் பழிக்காமல் உணர்த்தியது. அதனாலேயே அரசு அஞ்சியது. நூலை வெளியிட இசைந்த தணிக்கை அதிகாரி வேலை இழந்தார். அதே 1852ஆம் ஆண்டில், மறைந்த எழுத்தாளர் கோகோலைப் போற்றி எழுதியதற்காகத் துர்கனேவ் கைது செய்யப்பட்டு ஒரு மாதம் காவலில் வைக்கப்பட்டார். அக்காவலில் இருந்தபோதே, வாய் பேசாத அடிமை ஒருவன், தான் உயிர் போல வளர்த்த நாயை எசமானியின் ஆணையால் ஆற்றில் மூழ்கடிக்கும் துயரக் கதையை அவர் எழுதினார். பின்னர் அவர் ஸ்பாஸ்கோயேயை விட்டு நீங்கக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. அத்தனிமையில் அவருக்கு நாயும் துப்பாக்கியுமே துணையாயின. அவ்வோர் ஆண்டில் மட்டும் 300க்கு மேற்பட்ட வேட்டை உயிர்களை வீழ்த்தியதாக நண்பர் ஒருவருக்கு அவர் கணக்கு எழுதினார். தாயார் 1850ஆம் ஆண்டில் மறைந்ததுமே வீட்டு அடிமைகளுக்கு அவர் விடுதலை அளித்திருந்தார். 1861ஆம் ஆண்டில் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் நாடெங்கும் பண்ணையடிமை முறையை ஒழித்தார். அம்மன்னரின் மனத்தை அசைத்தவற்றுள் துர்கனேவின் நூலும் ஒன்று என்பர்.

அதன்பின் துர்கனேவ் பெரும்பாலும் வெளிநாடுகளிலேயே வாழ்ந்தார். ஜெர்மனியில் பாடன்பாடன் நகரில் இருந்தபோது பெகாஸ் என்னும் நாய் அவருக்குத் தோழனாக இருந்தது. 1871ஆம் ஆண்டில் அந்நாயைப் பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதினார். அதே ஆண்டில் ஸ்காத்லாந்துக்குச் சென்று அங்குள்ள மலைச்சரிவுகளில் வேட்டையாடினார். துப்பாக்கிகளும் இதற்குள் மாறிவிட்டன. பின்புறம் மடித்துத் திறந்து தோட்டாவைச் செருகும் புதுவகைத் துப்பாக்கிகள் எங்கும் பரவின. முன்னிலும் விரைவாகச் சுட முடிந்தது. ஆனால் வேட்டைக்காரரின் கால்கள் முன்போல விரையவில்லை. கீல்வாத நோய் அவரை அடிக்கடி படுக்கையில் கிடத்தியது. தலைமயிர் பஞ்சு போல நரைத்தது.

உடல் தளரத் தளர, உள்ளம் வேறு வகையில் கூர்மை பெற்றது. 1874ஆம் ஆண்டில், பழைய குறிப்புகளோடு சேர்க்க அவர் ஒரு புதிய கதை எழுதினார். அதில் வேட்டைக்காரர் மழைக்கு ஒதுங்கிய பண்ணையில், கை கால் அசைக்க முடியாமல் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் லுக்கேரியா என்னும் பெண்ணைக் காண்கிறார். தன் குடிசையில் கூடு கட்டிய குருவிகளே அவளுக்குத் துணை. அவற்றை ஒருவன் சுட்டுவிட்டான் என்று கூறி, வேட்டைக்காரர்கள் கொடியவர்கள் என வருந்துகிறாள். தாம் அக்குருவிகளைச் சுடுவதில்லை என்று வேட்டைக்காரர் விரைந்து விடை கூறுகிறார். அவ்விடையில் ஒரு நாணம் ஒலிக்கிறது.

1876ஆம் ஆண்டில் வேட்டை இதழ் ஒன்றுக்காக அவர் ஒரு பட்டியல் எழுதினார். வேட்டை நாயின் குறைகள் 50. வேட்டைக்காரரின் குறைகளும் 50. விடியலில் எழ விரும்பாமை, பொறுமையின்மை முதலியவை வேட்டைக்காரரின் குறைகளாகக் கூறப்பட்டன. குறைகளைக் கணக்கிடும்போது மனிதனையும் நாயையும் ஒரே தராசில் நிறுத்திய நேர்மை அப்பட்டியலில் விளங்குகிறது.

1878ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறு உரைநடைப்பா ஒன்று இன்னும் நுட்பமானது. வேட்டையிலிருந்து திரும்பும் வழியில், கூட்டிலிருந்து விழுந்த சிட்டுக்குருவிக் குஞ்சை நாய் நெருங்குகிறது. உடனே முதிய சிட்டுக்குருவி ஒன்று மரத்திலிருந்து கல்லைப் போல நாயின் முன் விழுந்து, தன் சிற்றுடலால் குஞ்சை மறைக்கிறது. பெரிய நாய் பின்வாங்குகிறது. வேட்டைக்காரர் நாயை அழைத்துக்கொண்டு, அப்பறவையை வணங்கும் மனத்தோடு விலகிச் செல்கிறார்.

எனினும் பழைய ஆர்வம் முற்றும் அவியவில்லை. 1880ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் டால்ஸ்டாயின் ஊருக்குச் சென்றார. முன்பு இருவரும் மனம் வேறுபட்டுப் பல்லாண்டுகள் பிரிந்திருந்து, 1878ஆம் ஆண்டில்தான் மீண்டும் நட்புப் பூண்டனர். மாலையில் காட்டுள்ளான் என்னும் பறவையைச் சுடக் காட்டிற்குச் சென்றார்கள். டால்ஸ்டாய் நல்ல இடத்தை விருந்தினருக்கு விட்டுக்கொடுத்தார். ஆனால் பறவைகள் டால்ஸ்டாயின் பக்கமே பறந்தன. கடைசியில் ஒன்று துர்கனேவின் தலைக்கு மேல் வந்தது. அவர் சுட்டார், பறவை விழுந்தது என்று உறுதியாகக் கூறினார். நாய் எங்குத் தேடியும் கிடைக்கவில்லை. விழுந்திருந்தால் நாய் விடாது என்று டால்ஸ்டாய் ஐயுற்றார். நரைத்த தலையினர் இருவரும் சிறுவரைப் போல வாதிட்டனர். மறுநாள் காலையில் டால்ஸ்டாயின் மைந்தர்கள் சென்று பார்த்தபோது, அப்பறவை மரக்கவட்டில் சிக்கிக் கிடந்தது. ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கில் வீழ்த்தியவருக்கு, அந்த ஒரு பறவை தம் சொல்லைக் காத்ததே பெருமகிழ்ச்சியாயிற்று.

1882ஆம் ஆண்டில் கொடிய நோய் அவரைப் பற்றியது. பாரிசுக்கு அருகில் பூஷிவால் என்னும் ஊரில் படுத்த படுக்கையாக இருந்தபோது, சிறுவர்களுக்காகக் காடை என்னும் கதையை எழுதினார். தந்தையுடன் வேட்டைக்குச் சென்ற சிறுவன் முன், தாய்க் காடை ஒன்று தன் குஞ்சுகளைக் காக்க எண்ணி, அடிபட்டது போல நடித்து நாயை வேறு பக்கம் இழுக்கிறது. நடிப்பு மிகுந்து, நாயின் வாயில் அகப்பட்டு உயிர் துறக்கிறது. சிறுவன் கண்ணீர் வடித்து அதனைப் புதைக்கிறான். வாழ்நாளெல்லாம் துப்பாக்கி ஏந்திய கை கடைசி நாட்களில் வரைந்த கதை இது.

துர்கனேவ் 1883ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பூஷிவாலில் உயிர் நீத்தார். அவருடைய உடல் தாய்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டுப் பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்டது.

கூர்ந்து பார்க்கும் கண்ணையும், அசையாமல் காத்திருக்கும் பொறுமையையும் வேட்டை அவருக்கு அளித்தது. அக்கண்ணால் அவர் முதலில் அடிமையின் துயரைக் கண்டார். முதுமையில் சிறு பறவையின் தாயன்பையும் கண்டார். கண்டதை மறைக்காமல் எழுதினார். தம் குறையையும் மறைக்கவில்லை. அவர் சுட்ட பறவைகளை இன்று யாரும் கணக்கிடுவதில்லை. அவர் காட்டிய மனிதர்களும், நாயின் முன் நின்ற அந்தச் சிட்டுக்குருவியும், படிப்போர் நெஞ்சில் இன்னும் வாழ்கின்றனர்.