கலீலியோ

வானத்தைக் கண்ணால் கண்டு, கண்டதைக் கண்டவாறு உரைத்த குற்றத்துக்காக ஒரு முதியவரைத் தண்டித்த வரலாறு ஐரோப்பாவில் உண்டு. அவரே கலீலியோ.

1564-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி, இத்தாலியில் பைசா நகரில், சங்கீத வித்வான் ஒருவரின் குமாரராக அவர் பிறந்தார். வைத்தியம் பயில அனுப்பப்பட்டவர், கணிதத்தில் மோகங்கொண்டு பட்டம் பெறாமலே வெளியேறினார். ஆயினும் 1589-ல் அதே நகரில் கணித ஆசிரியரானார். 1592 முதல் 18 ஆண்டுகள் பாதுவா சர்வகலாசாலையில் போதித்தார்.

தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் கலீலியோவே என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. 1608-ல் ஹாலந்து தேசத்து மூக்குக்கண்ணாடித் தொழிலாளரிடையே அது தோன்றியது. மறு ஆண்டு அச்செய்தியைக் கேள்வியுற்ற கலீலியோ, தாமே கண்ணாடிகளைத் தேய்த்து, முதலில் மும்மடங்கும், பின்னர் சுமார் 20 மடங்கும் பெருக்கிக் காட்டும் கருவிகளைச் செய்தார். பகைவர் கப்பலைத் தூரத்திலேயே காண உதவும் கருவியென்று வெனிஸ் ராஜ்யத்தார் அதனை மெச்சினர். அவரோ அதனை இரவு வானத்தின்பால் திருப்பினார்.

சந்திரனில் மலைகளும் பள்ளங்களும் தென்பட்டன. பால்வீதி எண்ணற்ற நக்ஷத்திரங்களாகப் பிரிந்தது. 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றிவரும் நான்கு சந்திரர்கள் புலப்பட்டனர். பூமியைச் சுற்றாத பொருள்களும் வானில் உண்டென்பது இதனால் விளங்கிற்று. சுக்கிரன் சந்திரனைப்போல் வளர்ந்து தேய்வதைக் கண்டபோது, அது சூரியனையே சுற்றுகிறதென்பதும் தெளிவாயிற்று.

பூமியே அசையாத நடுநாயகம் என்றிருந்த மத பீடம் இதைப் பொறுக்கவில்லை. 1616-ல் அவரை எச்சரித்தது. 1632-ல் அவர், பண்டிதர்க்கே விளங்கும் லத்தீனை விடுத்து, ஜனங்களின் இத்தாலிய மொழியில் தம் வாதத்தை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு ஜூன் 22-ந் தேதி, 69 வயதுக் கிழவர் ரோமாபுரியில் மண்டியிட்டு, தம் கொள்கையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யுமாறு செய்யப்பட்டார்.

தூக்குமேடையிலும் தலைவணங்காத வீரர்களைக் கண்ட நம் நாட்டினர்க்கு இப்பணிவு குறையாகத் தோன்றலாம். நாமும் அதனைப் பெருமையென்று கூறோம். ஆனால் பின் நிகழ்ந்ததையும் நோக்குதல் வேண்டும். பிளாரன்ஸ் நகருக்கருகில் வீட்டுக் காவலிலிருந்துகொண்டே, கண்ணொளி மங்கிவந்த நிலையிலும், பொருள்களின் இயக்கத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றை அவர் எழுதி முடித்தார். அது எல்லை கடந்து, 1638-ல் ஹாலந்தில் அச்சேறியது. வாயால் பணிந்தவர் பேனாவால் பணியவில்லை.

1642 ஜனவரி 8-ந் தேதி, பார்வையிழந்து, காவலிலேயே அவர் மறைந்தார். தடுக்கப்பட்ட நூலின்மீதிருந்த தடை 1835-ல்தான் நீங்கியது. தவறு நேர்ந்ததை 1992-ல் போப்பாண்டவரே ஒப்புக்கொண்டார்.

கருத்துக்கு விலங்கு பூட்ட விரும்பும் அதிகாரிகள், எந்நாட்டினராயினும், இவ்வரலாற்றை ஒருமுறை படிப்பது நலம்.