வருமுன் காத்த வணிகர்

ஆற்றில் வெள்ளம் புரண்டோடும் நாளில் அணையின் அருமை எவர்க்கும் தோன்றுவதில்லை. கோடை வந்து மணல் கொதிக்கும்பொழுதே தேக்கி வைத்த நீரின் பெருமை விளங்கும். வாணிகத்திற்கும் இஃது ஒக்கும். விற்பனை பெருகும் காலத்திலேயே, அது குறையும் காலத்தை எண்ணிப் பொருளையும் நம்பிக்கையையும் ஒருங்கே தேக்கி வைத்தவர், ஜப்பான் நாட்டுத் தொழிலதிபர் கோனோசுகே மட்சுஷிதா ஆவார்.

இவர் 1894-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், வாகயாமாப் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் நிலபுலம் உடையவர்; எனினும், அரிசி விலையின் ஏற்ற இறக்கத்தை நம்பிப் பொருளிட்டு, அனைத்தையும் இழந்தார். ஆதலால் மகன் தொடக்கப்பள்ளிப் படிப்பையும் முடிக்க இயலவில்லை. ஒன்பதாம் வயதிலேயே அவர் ஒசாகா நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே கணப்புச்சட்டி விற்கும் கடையிலும், பின்னர் மிதிவண்டிக் கடையிலும் சிற்றாளாக இருந்து தொழில் பழகினார். 1910-இல் மின்விளக்குக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, தம் உழைப்பால் மேற்பார்வையாளராக உயர்ந்தார்.

மின்விளக்கைப் பொருத்தும் ஹோல்டர் ஒன்றைப் புதிய முறையில் செய்ய அவர் விரும்பினார். மேலதிகாரி அதனை ஏற்கவில்லை. 1917-இல் அவர் வேலையை விட்டு விலகி, ஏறத்தாழ நூறு யென் முதலுடன் தம் சிறிய வீட்டிலேயே தொழில் தொடங்கினார். மனைவியாரும், மைத்துனரும், நண்பர் இருவரும் துணை நின்றனர். செய்த பொருள் விலை போகவில்லை, நண்பர்கள் விலகினர், மனைவியாரின் உடைகள் அடகுக் கடைக்குச் சென்றன. அந்நிலையில், மின்விசிறிக்கு வேண்டிய காப்புத் தட்டுகள் ஆயிரம் செய்து தருமாறு எதிர்பாராமல் வந்த ஒரு வேலையே அவரைக் காத்தது. கையிருப்பின்றித் தொழில் நடத்துவதன் துன்பத்தை இளமையிலேயே அவர் உணர்ந்துகொண்டார்.

1918-இல் முறையாகத் தொழிற்கூடம் நிறுவினார். பிறர் பொருளினும் குறைந்த விலையில், தரமான பொருள்களை விற்றார். 1923-இல் நெடுநேரம் எரியும் மிதிவண்டி விளக்கை உருவாக்கினார். மொத்த வணிகர் அதனை வாங்க மறுத்தனர். அவர் மனம் தளராமல், சில்லறைக் கடைகளில் விளக்கை எரியவிட்டுச் சென்றார். அதன் தன்மையைக் கண்டறிந்தபின் பணம் கொடுத்தால் போதும் என்று உரைத்தார். விளக்கு எரிந்தது; கடைக்காரரின் நம்பிக்கையும் வளர்ந்தது.

தொழில் செழித்திருந்த வேளையில், சுமிட்டோமோ வங்கி அவரைத் தன் வாடிக்கையாளராகுமாறு அழைத்தது. தமக்குத் தேவை நேருமாயின் 20,000 யென் வரை கடன் தருவதாக முன்னரே உறுதி கூறவேண்டும் என்று அவர் கேட்டார். கணக்குத் தொடங்குமுன்னரே இவ்வாறு கேட்பது வழக்கமன்று. எனினும் வங்கியார் இசைந்தனர். 1927-இல் ஜப்பானில் வங்கிகள் பல நிலைகுலைந்தன. அவர் முன்பு கணக்கு வைத்திருந்த வங்கியும் கதவடைத்தது. அப்பொழுதும் சுமிட்டோமோ வங்கி தன் சொல்லைக் காத்தது. தேவை வருமுன் கேட்டமையாலன்றோ, தேவை வந்தபொழுது உதவி கிடைத்தது!

இதனினும் கடுஞ்சோதனை 1929-இல் வந்தது. உலகெங்கும் பொருளாதாரம் தாழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவருடைய விற்பனை பாதியாகக் குறைந்தது. கிடங்குகளில் சரக்குக் குவிந்தது. அவரோ நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். ஆட்களைப் பாதியாகக் குறைப்பதே வழி என்று பொறுப்பாளர்கள் வந்து கூறினர். அவர் உடன்படவில்லை. உற்பத்தியைப் பாதியாகக் குறைத்து அரைநாள் மட்டும் வேலை செய்யவும், ஒருவரையும் நீக்காமல் முழு ஊதியம் வழங்கவும் முடிவு செய்தார். அதற்கு ஈடாக, அனைவரும் விடுமுறையையும் மறந்து, தேங்கிய சரக்கை விற்க முயலவேண்டும் என்றார். இரண்டு திங்களில் கிடங்குகள் காலியாயின. தொழிற்கூடம் மீண்டும் முழுநாளும் இயங்கியது.

அன்று தேக்கிய அன்பு பின்னரும் பயன் தந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1946-இல் அவரைப் பதவியினின்றும் நீக்க ஆணை பிறந்தது. முதலாளியை விலக்க வேண்டா எனத் தொழிலாளர் சங்கமே கையெழுத்துத் திரட்டி விண்ணப்பித்தது. அவர் பதவியில் நீடித்தார்.

தம் பட்டறிவின் பயனை 1965-இல் வணிகர்க்கு எடுத்துரைத்தபொழுது, அணையையே அவர் உவமை காட்டினார். பணம், கருவி, சரக்கு, ஆள்திறம் ஆகிய யாவற்றிலும் ஒரு பகுதியைத் தேக்கி வைத்தலே தொழிலுக்குக் காப்பு என்பது அவர் கொள்கை. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் நிறுவிய தொழிலகம் 2008-இல் பானசோனிக் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சிக்கனம் என்பது செலவைக் குறைத்தல் மட்டுமன்று. எதனைக் குறைக்கலாகாது என்று அறிதலும் ஆகும். மட்சுஷிதா உற்பத்தியைக் குறைத்தார். தம்மை நம்பியவரைக் குறைக்கவில்லை. பெட்டியில் இருக்கும் பணம் ஒரு சேமிப்பு. பிறர் நெஞ்சில் இருக்கும் நம்பிக்கை மற்றொரு சேமிப்பு. இவ்விரண்டையும் நல்ல காலத்திலேயே சேர்த்து வைப்பவர், அல்லல் வருங்கால் அஞ்சார்.