பொம்மைகளால் உலகைத் திரட்டிய சங்கர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

பொன்னைச் சேர்ப்பார் உண்டு. பூமியைச் சேர்ப்பார் உண்டு. தபால்தலையும் பழைய நாணயமும் சேர்ப்பார் உண்டு. பொம்மைகளைச் சேர்த்து அழியாப் புகழ் பெற்றவர் ஒருவரும் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே சங்கர் என்று உலகம் அழைத்த கேசவ சங்கரப் பிள்ளை. கேலிச்சித்திரக்காரர் என்ற அளவில் அவரை அறிந்தவர் பலர். அவர் பொம்மை சேர்த்த வரலாற்றை அறிந்தவர் சிலரே.

நம் உதகையில் சேரிங் கிராஸ் கடைகளிலும், படகு இல்லம் செல்லும் வழியிலும் பஞ்சு பொம்மைகள் கொத்துக் கொத்தாய்த் தொங்குவதைக் காண்கிறோம். ஜப்பான் நாட்டில் 1974-ல் தோன்றிய ஹலோ கிட்டி, அதன்பின் வந்த போக்கிமான், அண்மையில் சீனத்துப் பாப் மார்ட் நிறுவனம் உலகெங்கும் பரப்பிய லபுபு ஆகியவற்றைத் தேடித் தேடி வாங்குவோர் இன்று ஏராளம். உரிமை பெற்ற நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா, போலியா என்று தையலையும் அட்டையையும் புரட்டிப் பார்த்தே வாங்குகிறார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொம்மை எதற்கு என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்விக்குச் சங்கரின் வாழ்க்கை நல்லதொரு விடை.

இளமை

சங்கர் 1902-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்த காயங்குளத்தில் பிறந்தார். பள்ளியில் படிக்கும்போது, வகுப்பிலேயே உறங்கிவிட்ட ஆசிரியரை உள்ளபடி படமாக வரைந்தாராம். தலைமையாசிரியர் சினந்தார். ஆனால் அந்தக் கிறுக்கலில் இருந்த திறமையைக் கண்டு, உறவினர் ஒருவர் அவரை ஊக்குவித்தார்.

திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பயின்று 1927-ல் பட்டம் பெற்றார். ஆம், அவரும் நம்மைப்போல் அறிவியல் மாணவரே! பின்னர் சட்டம் பயிலப் பம்பாய் சென்றார். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலையில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் வரைந்த கேலிச்சித்திரங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்த ஆள் நான். சட்டப் படிப்பை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்று எங்கள் லயன் வீட்டில் ஒரு பிள்ளை சொன்னால் என்ன நடக்கும் என்பதை இதைப் படிக்கும் பலர் அறிவர். ஆகவே அன்றைய சங்கரின் துணிவு சாதாரணமானதன்று.

தூரிகையின் வலிமை

1932-ல் 'இந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியர் போத்தன் ஜோசப், சங்கரைத் தம் இதழின் சித்திரக்காரராக அமர்த்தினார். குடும்பத்தோடு தில்லி சேர்ந்த சங்கர், 1946 வரை அங்கே பணியாற்றினார். ஆங்கில வைஸ்ராய்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. கேலிக்கு ஆளான வில்லிங்டன் பிரபுவும் லின்லித்கோ பிரபுவுமே அவர் சித்திரங்களை விரும்பிப் பார்த்தனர்.

1948-ல் 'சங்கர்ஸ் வீக்லி' என்ற தம் சொந்த இதழைத் தொடங்கினார். அதை வெளியிட்டு வைத்தவர் பிரதமர் நேரு. தம்மையும் தயங்காமல் கேலி செய்ய வேண்டும் என்று நேரு கேட்டுக்கொண்டார். சங்கரும் அப்படியே செய்தார். அபு, குட்டி, ஓ.வி. விஜயன் போன்ற சித்திரக்காரர்கள் அவ்விதழில் வளர்ந்தனர். நெருக்கடி நிலை நிலவிய 1975-ல் இதழ் நின்றுபோயிற்று.

ஒரு ஹங்கேரிப் பொம்மை

பெரியவர்களைக் கேலி செய்த சங்கரின் உள்ளம் குழந்தைகளிடமே இருந்தது. 1949-ல் குழந்தைகளுக்கான ஓவிய, எழுத்துப் போட்டியைத் தொடங்கினார். அது விரைவில் பல நாட்டுக் குழந்தைகளும் கலந்துகொள்ளும் போட்டியாயிற்று. 1950-களின் தொடக்கத்தில், அப்போட்டிக்குப் பரிசாக வழங்குமாறு ஹங்கேரி நாட்டுத் தூதர் தம் நாட்டுப் பொம்மை ஒன்றைச் சங்கரிடம் கொடுத்தார். அந்நாட்டு உடை உடுத்திய அந்தச் சிறு பொம்மை சங்கரின் மனத்தைக் கொள்ளைகொண்டது. ஒரு நாட்டு மக்களின் உடையையும் அணியையும் கைவினையையும் ஒரு சாண் உருவத்தில் காட்ட முடியும் என்பதை அவர் கண்டார்.

அன்றுமுதல் எந்த நாட்டுக்குச் சென்றாலும் பொம்மையோடுதான் திரும்பினார். நேருவின் வெளிநாட்டுப் பயணங்களில் பத்திரிகையாளராக உடன் சென்றது இதற்குப் பெரிதும் உதவியது. பொம்மைகள் 500 ஆயின. வேறொருவராயின் அவற்றை அலமாரியில் பூட்டி வைத்து விருந்தினருக்கு மட்டும் காட்டியிருப்பார். சங்கரோ, கடல் கடக்க வாய்ப்பில்லாத நம் குழந்தைகள் அவற்றைப் பார்க்க வேண்டும் என்று எண்ணினார். குழந்தைகளின் ஓவியங்களோடு பொம்மைகளையும் ஊர் ஊராகக் கொண்டு சென்று கண்காட்சி நடத்தினார்.

அங்கேதான் தொல்லை வந்தது. கட்டுவதும் பிரிப்பதும் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்ததில் பல பொம்மைகள் சேதமுற்றன. தில்லிக் கண்காட்சி ஒன்றுக்கு வந்த நேருவிடமும் இந்திராவிடமும் சங்கர் இக்குறையைச் சொன்னார். பொம்மைகளுக்கு நிலையான ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே உருவாயிற்று.

பொம்மைக்கு ஒரு மாளிகை

1957-ல் சங்கர் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவியிருந்தார். தில்லி பகதூர் ஷா சஃபர் சாலையில் அதன் கட்டடமான நேரு இல்லத்தின் ஒரு பகுதி பொம்மைகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1965 நவம்பர் 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் அக்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். நேரு அதைக் காண உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

சுமார் 1,000 பொம்மைகளோடு தொடங்கிய காட்சியகம் வளர்ந்து, 85 நாடுகளைச் சேர்ந்த 6,500 பொம்மைகள் வரை கொண்டதாயிற்று. ஜப்பானின் கபுகி நாடகப் பாத்திரங்கள், தாய்லாந்தின் மகளிர் இசைக்குழு, ஸ்பெயினின் நடன மாதர் எல்லாம் அங்கே கண்ணாடிப் பேழைகளில் வீற்றிருக்கின்றனர். இலங்கையின் கண்டிப் பெரஹராவும் உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இம்மலையில் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. யானைகளும் தீவட்டிகளும் நிறைந்த அந்த ஊர்வலத்தை என் பாட்டி வாயால் சொல்லித்தான் நான் அறிவேன். நிழற்படம்கூட எங்களிடம் இல்லை. அது பொம்மை வடிவில் தில்லியில் நிற்கிறது என்று படித்தபோது, பொம்மை என்பது வெறும் விளையாட்டுப் பொருள் அன்று என்பது எனக்கு விளங்கியது.

பிற நாட்டுப் பொம்மைகளை வாங்கியதோடு சங்கர் நிற்கவில்லை. காட்சியகத்தோடு ஒரு பட்டறையும் அமைந்தது. இந்தியாவின் பல்வேறு மக்களுடைய உடலமைப்பு, உடை, நகை ஆகியவற்றை ஆராய்ந்து, அதன்பின்னரே அங்கு கையால் பொம்மை செய்தனர். அவை வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு மாற்றாக அனுப்பப்பட்டன. ஒரு நாட்டிலிருந்து ஒரு பொம்மை வந்தால் நம் நாட்டுப் பொம்மை ஒன்று அங்கே போயிற்று. 1980-ல் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் நடந்த பொம்மை விழாவில் இக்காட்சியகத்துக்குத் தங்க மயிலிறகு என்னும் முதற்பரிசு கிடைத்தது.

1976-ல் பத்மவிபூஷண் விருது பெற்ற சங்கர், 1989 டிசம்பர் 26-ஆம் நாள் தமது 87-ஆம் வயதில் மறைந்தார்.

நாம் செய்யத் தக்கது

இன்று பொம்மை சேர்ப்போர் உண்மைப் பொருளா போலியா என்று நுணுகிப் பார்க்கிறார்கள். அந்தக் கவனம் நல்லதே. சங்கரும் அதே கவனத்தோடுதான் சேர்த்தார். ஆனால் அவர் தேடிய முத்திரை ஒரு நிறுவனத்தின் முத்திரை அன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் முத்திரை. சேர்த்ததை அவர் பூட்டி வைக்கவும் இல்லை. திறந்து காட்டினார், மாற்றிக்கொண்டார், புதிதாகச் செய்யவும் வைத்தார். சேர்ப்பு என்பது செல்வமாவது அப்போதுதான்.

உதகைக் கடைகளில் உலகத்துப் பொம்மைகள் எல்லாம் கிடைக்கின்றன. சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை செய்த போர்வை போர்த்திய தோடர், வெள்ளாடை உடுத்திய படகப் பெண்மணி, முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தோட்டத் தாய் ஆகியோரை நம் கைகளே பொம்மையாகச் செய்தால் என்ன? துணிக்கும் பஞ்சுக்கும் பெரும் செலவு ஆகாது. கேட்டுச் சரிபார்க்க அந்த மக்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். அடுத்த கல்லூரி விழாவில் ஒரு மேசை நிறையவாவது அவற்றை வைப்போம். நம் தாய்மார்களை அழைத்து வந்து காட்டுவோம். பொம்மை எதற்கு என்ற கேள்விக்கு அதுவே நம் விடையாகட்டும்.