வெள்ளை மாளிகை எதிரே நிற்கும் தளபதியும் நிறைவேறாத உயிலும்

வாஷிங்டனில் அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகைக்கு எதிரே லாஃபாயெட் சதுக்கம் உள்ளது. அதன் வடகிழக்கு மூலையில், உயர்ந்த பீடத்தின் மீது, கையில் கோட்டை அரண்களின் வரைபடத்துடன் ஒரு தளபதியின் வெண்கலச் சிலை நிற்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற அவர் அமெரிக்கர் அல்லர், போலந்து நாட்டவர். பெயர் தடேயுஸ் கொஸ்கியஸ்கோ. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயரமான மலைக்கும் இவர் பெயரைத்தான் 1840-இல் சூட்டினார்கள்.

இன்றைய பெலாருஸ் மண்ணில், வசதி குறைந்த ஒரு பிரபுக் குடும்பத்தில் 1746-இல் பிறந்தார் கொஸ்கியஸ்கோ. வார்சாவின் இராணுவப் பள்ளியில் பயின்று, பின்னர் பாரிஸ் சென்று மேற்படிப்பு படித்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அமெரிக்கக் குடியேற்றங்கள் போர் தொடுத்த செய்தி அறிந்து, 1776-இல் கடல் கடந்து பிலடெல்பியா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30.

அரண் அமைக்கத் தெரிந்த பொறியாளர்கள் அந்தப் புதிய படையில் மிகக் குறைவு. 1777-இல் சரடோகா அருகே, ஹட்சன் ஆற்றை ஒட்டிய மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்து அரண் அமைத்தார் கொஸ்கியஸ்கோ. அதைத் தாண்ட முடியாத பிரிட்டிஷ் படை இறுதியில் சரணடைந்தது. அந்த வெற்றிக்குப் பின்னரே பிரான்ஸ் வெளிப்படையாக அமெரிக்காவுடன் கைகோத்தது. அடுத்து வெஸ்ட் பாயிண்ட் கோட்டையைப் பலப்படுத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் அக்ரிப்பா ஹல் என்ற சுதந்திரக் கறுப்பின வீரர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அவரது உதவியாளராக இருந்தார். 1783-இல் கொஸ்கியஸ்கோவுக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்கப்பட்டது. சம்பளப் பாக்கி மட்டும் அப்படியே நின்றது.

தாயகம் திரும்பியவர், 1794-இல் ரஷ்ய ஆதிக்கத்திற்கு எதிரான எழுச்சிக்குத் தலைமை ஏற்றார். ரக்லவிட்ஸே களத்தில் அவருடன் நின்று வென்றவர்களில் அரிவாள் ஏந்திய உழவர்களும் இருந்தனர். அதே ஆண்டு மே மாதம், பண்ணை அடிமைகளாக இருந்த உழவர்களுக்குத் தனிமனித உரிமை அளித்து ஆணை பிறப்பித்தார். ஆனால், அக்டோபரில் படுகாயத்துடன் பிடிபட்டு, ஈராண்டுகள் சிறையில் கழித்தார்.

விடுதலையாகி 1797-இல் மீண்டும் அமெரிக்கா வந்தபோது, துணை அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் அவருக்கு நெருங்கிய நண்பரானார். பழைய சம்பளப் பாக்கியும் ஒருவழியாகக் கைக்கு வந்தது. அந்தப் பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1798 மே மாதம் ஐரோப்பா புறப்படும் முன் ஓர் உயில் எழுதினார். தமது அமெரிக்கச் சொத்தைக் கொண்டு அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவிக்க வேண்டும், அவர்களுக்குக் கல்வி தர வேண்டும் என்பதே அதன் சாரம். அதை நிறைவேற்றும் பொறுப்பு ஜெஃபர்சனுக்கு. ஜெஃபர்சனின் சொந்த அடிமைகளையும் அப்பணத்தால் விடுவிக்கலாம் என்று உயில் இடமளித்தது.

1817-இல் சுவிட்சர்லாந்தில் கொஸ்கியஸ்கோ காலமானார். எழுபது வயதைக் கடந்திருந்த ஜெஃபர்சன், 1819-இல் அப்பொறுப்பை ஏற்க மறுத்துவிட்டார். பின்னாளில் எழுதப்பட்ட வேறு உயில்களைக் காட்டி உறவினர்கள் உரிமை கோர, வழக்கு பல்லாண்டு நீண்டது. 1852-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பணத்தால் ஓர் அடிமைகூட விடுதலை பெறவில்லை. ஜெஃபர்சன் இறந்த பின், 1827-இல் அவரது கடனை அடைக்க 130 அடிமைகள் ஏலத்திற்கு அறிவிக்கப்பட்டனர்.

சிற்பி அந்தோனி போப்பியெல் வடித்த இச்சிலை 1910 மே 11-ஆம் நாள் அதிபர் டாஃப்ட் முன்னிலையில் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் வாழும் போலந்து மக்களின் அன்பளிப்பு அது. இருபுறமும் உள்ள சிற்பங்கள் அமெரிக்காவிலும் போலந்திலும் அவர் நடத்திய போர்களைச் சொல்கின்றன.

2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் மரணத்தைக் கண்டித்து மக்கள் திரண்டபோது, சதுக்கத்தில் இருந்த இந்தச் சிலையின் பீடத்திலும் சிலர் சாயத்தால் எழுதினர். கறுப்பின மக்களின் விடுதலைக்குத் தம் உழைப்பின் ஊதியத்தையே எழுதி வைத்தவரின் சிலை அது. அவர் உயில் எழுதி 67 ஆண்டுகள் கழித்து, 1865-இல்தான் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.